முதலைத் தொடாதே!

திருவனந்தபுரத்தில் உள்ள ஓர் இடம் பழவங்காடி. அங்குள்ள கணபதி கோயிலில் பலரும் வேண்டிக்கொண்டு தேங்காய் உடைப்பார்கள். அதே பழவங்காடியில் ஸ்ரீ சித்ரா இல்லம் இருக்கிறது. அது அரசு இல்லம். ஆதரவற்ற குழந்தைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள்.

குழந்தைகள் இல்லத்தில் 18 வயது வரைதான் இருக்கலாம். பிறகு எப்படிப் பிழைப்பது? 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. இல்லத்தை விட்டு வருபவர் சொந்தக் காலில் நிற்கப் பண உதவி செய்யலாம் என்கிறது.

பணம் மட்டும் போதுமா? போதாது. கணக்கும் தெரிய வேண்டும்.

கோயில் அருகே ஓர் இளைஞர் தேங்காய் விற்பதாக வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாய்க்கு வாங்குகிறார். 1,300 ரூபாய்க்கு விற்கிறார். வண்டிக்கூலி 100 ரூபாய். லாபம் எவ்வளவு? 200 ரூபாய்தான். கையில் இருக்கும் 1,200 ரூபாயையும் செலவு செய்தால், மறுநாள் தேங்காய் வாங்க முடியாது. கடை நின்றுவிடும். முதல் 1,000 ரூபாயைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். சாப்பாடு, வாடகை, சேமிப்பு எல்லாம் லாபத்தில்தான். வரவு செலவைத் தினமும் எழுத வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதைச் சொல்லித் தருவார்கள். பெற்றோர் இல்லாதவருக்கு யார் சொல்வது? அதற்குத்தான் தொழில் பயிற்சி. அனுபவமுள்ள கடைக்காரர்களும் சொல்லித் தரலாம். நாளை அவர் யார் கையையும் எதிர்பார்க்க மாட்டார்.