வறட்டிருமலும் இருவகை வறட்சியும்: சீன மரபு மருத்துவ நோக்கு

இலையுதிர்கால வறட்சி நுரையீரலைத் தாக்கி இருமலை உண்டாக்கும் என்பது சீன மரபு மருத்துவக் கொள்கை. இதனை நிலைநாட்டியவருள் முதன்மையானவர் யூ சாங். ஹுவாங்தி நெய்ஜிங் என்னும் தொன்னூல் இலையுதிர்காலத்தில் ஈரம் தாக்குவதால் இருமல் தோன்றும் என்கிறது. அவ்விடத்தில் ‘வறட்சி’ என்றே இருத்தல் வேண்டும் என 1658ஆம் ஆண்டு நூலில் அவர் வாதிட்டார். துணிச்சலான பாடத்திருத்தம் அது.

எனினும் அவ்வறட்சி ஒருதன்மையதன்று. வூ ஜூதோங் 1798இல் இயற்றிய வென்பிங் தியாவ்பியான், வெப்ப வறட்சிக்கும் குளிர் வறட்சிக்கும் வெவ்வேறு மருந்துகளைக் கூறுகிறது. தாகத்தோடு சளியற்ற இருமல் வரின் சாங்சிங் தாங் என்னும் குடிநீர் உரியது: முசுக்கட்டை இலை வெப்பத்தை அகற்ற, பேரிக்காய்த் தோல் ஈரமூட்டும். குளிர்நடுக்கமும் நீர்த்த சளியும் காணின் சிங்சு சான். இதில் பெரில்லா இலையும் இஞ்சியும் குளிரைப் போக்கும். ‘வறட்சி’ நோயில் நீர்த்த சளி என்பது முரணாகத் தோன்றலாம். ஆயினும் குளிரால் நுரையீரலில் நீர் தேங்குவதே அதன் காரணம் என மரபு விளக்குகிறது. எனவே இருமலின் பெயரைமட்டும் கொண்டு மருந்தைத் தேர்தல் பிழையாகும்.

இரண்டிற்கும் பொதுவான சரக்கு கசப்பு ஆப்ரிகாட் பருப்பு. இதிலுள்ள அமிக்டலின் உடலில் சிதைந்து ஹைட்ரஜன் சயனைடை வெளியிடும். அளவு மீறின் உயிர்க்கேடு விளையும். சாங்சிங் தாங்கில் இதன் அளவு ஒன்றரை சியான் மட்டுமே.