வண்டி தலையைத் தூக்கிய கதை

லோரிக் கதவின் ஓரத்தில் இரண்டு எடைகள் எழுதப்பட்டிருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருப்போம். ஒன்று சரக்கில்லாத வண்டியின் எடை. மற்றது சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. அந்த இரண்டாவது எண்ணைத் தாண்டாவிட்டால் ஆபத்தில்லை என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

என் அப்பா சுங்கைப் பட்டாணியிலிருந்து சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு உரம் ஏற்றிச் சென்ற லோரி ஓட்டுநர். பள்ளி விடுமுறையில் அப்பாவுக்கும் கெலிண்டானுக்கும் நடுவே நானும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நான்காம் படிவம் முடித்த ஆண்டிறுதி விடுமுறையில் ஒருநாள், பீடோங்கைத் தாண்டியிருந்த ஒரு தோட்டத்திற்கு 80 மூட்டை யூரியா கொண்டுபோனோம். மூட்டை 50 கிலோ. மொத்தம் 4 டன். வழக்கமாக 9 டன் ஏற்றும் லோரிக்கு இது பெரிய பாரமே இல்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி. ஆகையால் மூட்டைகளை முன்னால் வரை தூக்கிப்போக யாருக்கும் நேரமில்லை. எல்லாவற்றையும் பின்பலகையை ஒட்டியே அடுக்கிவிட்டார்கள்.

மழையில் நனைந்த செம்மண் மேடு. மேட்டிலேயே இடப்பக்கம் ஒரு வளைவு. அப்பா ஸ்டீரிங்கைத் திருப்பினார்; லோரி திரும்பவில்லை, நேராகவே போனது. முன்சக்கரம் கானின் விளிம்பில் வந்து நின்றது. ஒருவருக்கும் அடியில்லை. "வண்டி தலையைத் தூக்கிருச்சுடா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். மழையிலேயே மூட்டைகளை முன்னால் நகர்த்தினோம். ஏன் தூக்கியது என்று அவருக்கு விளக்கத் தெரியவில்லை. எனக்கும் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க வந்த பிறகே தெரிந்தது.

இது நாம் பள்ளித் திடலில் ஆடிய ஜொங்காங் ஜொங்கெட் கணக்குதான். அப்பாவின் லோரிக்கு நெருக்கமான எண்களையே எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 5 மீட்டர். சரக்குத் தளத்தின் நீளம் 6 மீட்டர். அதில் 4 மீட்டர் பின் அச்சுக்கு முன்னாலும் 2 மீட்டர் அதற்குப் பின்னாலும் இருக்கின்றன. வெறும் வண்டியில் முன் அச்சின் மேல் 3 டன், பின் அச்சின் மேல் 2.5 டன்.

80 மூட்டையும் கடைசி 2 மீட்டரில் இருந்தால், அவற்றின் எடைமையம் பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் விழும். பின் அச்சுதான் அந்தப் பலகையின் நடுக்கட்டை. வால் அழுந்தத் தலை எழும்பும். 4 டன்னை 1 மீட்டரால் பெருக்கி 5 மீட்டரால் வகுத்தால் 0.8 டன். முன் அச்சுக்கு எஞ்சுவது 2.2 டன்தான். சரக்கேற்றிய வண்டியின் முன்சக்கரம் வெறும் வண்டியில் இருந்ததைவிட இலேசாகிவிடுகிறது! மேட்டில் ஏறும்போது எடை இன்னும் கொஞ்சம் பின்னால் சாயும். ஈரமண்ணில் அந்த டயர் எதைப் பிடித்துத் திரும்பும்?

அப்படியானால் எல்லாவற்றையும் ஓட்டுநர் அறையை ஒட்டி அடுக்கினால் போதுமா? அப்போது முன் அச்சில் 5.4 டன், பின் அச்சில் 4.1 டன் என்றாகும். வண்டியைத் தள்ளுவதோ பின்சக்கரம். அதில் பாரம் குறைந்தால் மேட்டில் வெறுமனே சுழலும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் பூட்டிக்கொண்டு வால் பக்கவாட்டில் வீசும். அதே 80 மூட்டையைத் தாழ்வாகப் பரப்பி, எடைமையம் பின் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் வரும்படி அடுக்கினால் முன்னே 3.8, பின்னே 5.7. இரண்டும் தத்தம் வேலையைச் செய்யும். பிறகு கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும். பிரேக் பிடித்ததும் நகர்ந்துவிடும் சரக்குக்கு நம் கணக்கு தெரியாது.

அப்பா அடிக்கடி சொல்லும் இன்னொன்றும் எனக்குப் புதிராகவே இருந்தது. முழுப்பாரத்தோடு இரண்டு தோட்டங்களுக்குப் போகும் நாள்களில், முதல் தோட்டத்தில் இறக்கிய பிறகு ஸ்டீரிங் கனக்கிறது என்பார். சரக்கு குறைந்த பிறகு எப்படிக் கனக்கும்? 180 மூட்டையைத் தளம் முழுதும் சமமாக அடுக்கினால் முன்னே 4.8 டன், பின்னே 9.7 டன். முதல் தோட்டத்தில் கடைசி 2 மீட்டரில் உள்ள 60 மூட்டையை இறக்குகிறோம். வாலை அழுத்திக்கொண்டிருந்த 3 டன் போனதும் தலை கீழே இறங்குகிறது: முன்னே 5.4, பின்னே 6.1. அதாவது 60 மூட்டை இறங்கியது. முன்சக்கரத்தின் மேல் மட்டும் 12 மூட்டை ஏறியது. காலையில் புறப்படும்போது முன் அச்சு அதன் வரம்பை ஒட்டியிருந்தால், பாதி வழியில் சரக்கு குறைந்த நிலையில் வரம்பைத் தாண்டிவிடும். கதவில் உள்ள மொத்த எடை இதைக் காட்டாது.

செம்பனை ஆலைக்குக் குலை ஏற்றிப்போகும் லோரியை எடைமேடையில் முழுதாக நிறுத்தித்தான் நிறுக்கிறார்கள். குலைக்குப் பணம் கொடுக்க அது போதும். அச்சு எடை வேண்டுமென்றால், முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, பிறகு வண்டி முழுதுக்கும் ஒரு எடை. கழித்தால் பின் அச்சு. மேடையும் முன்வழியும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

மொத்த எடையை மீறுவது வேறு வகைக் கொடுமை. 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் மாண்டனர். அந்த லோரி அளவுக்கு மீறி ஏற்றியிருந்தது விசாரணையில் தெரிந்தது. சாலைக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லோரிகளை ஓட்டிச் சோதித்ததில், அச்சுப் பாரத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்பச் சாலை சேதமாவது தெரியவந்தது. ஓர் அச்சில் 20 விழுக்காடு கூடினால் சேதம் இரண்டு மடங்கு. நம் தோட்டச் சாலைகளின் குழிகளுக்கு மழையை மட்டும் குறைசொல்ல முடியாது.

அப்பா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் பார்த்தார்.

"பன்னண்டு மூட்டையா? நான் பத்து இருக்கும்னு நெனச்சேன்."