வேலூர்க் கோட்டை புகட்டும் பாடம்

திருவள்ளூரில் ரயிலேறி, அரக்கோணம் வழியாகக் காட்பாடியில் இறங்குவோருக்கு வேலூர்க் கோட்டை தொலைவில் இல்லை. 1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்கு அரை நூற்றாண்டு முன்னரே, நம் நாட்டுச் சிப்பாய்கள் ஆங்கிலக் கம்பெனி ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட களம் அது. நம் பிள்ளைகள் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

1805-ஆம் ஆண்டின் இறுதி முதல், சென்னைப் படைத் தலைவர் சர் ஜான் கிரடாக்கின் காலத்தில் புதிய ஆணைகள் பிறந்தன. அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய் நெற்றிக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடியை மழித்தல் வேண்டும். புதிய தலைப்பாகையோ தொப்பியை ஒத்திருந்தது. அதில் தோற்பட்டையும் இருந்தது. தங்களைக் கிறிஸ்தவர்களாக்கவே இம்முயற்சி என இந்துக்களும் இஸ்லாமியரும் ஒருங்கே அஞ்சினர். அணிய மறுத்தோர் தண்டிக்கப்பட்டனர்.

1806 ஜூலை 10. பொழுது புலருமுன் சிப்பாய்கள் வெள்ளையர் குடியிருப்புகளைத் தாக்கினர். கோட்டைக்குள் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மக்களுக்காக மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர்; மருத்துவமனையிற் கிடந்த நோயாளிகளும் தப்பவில்லை. ஆயினும் சிப்பாய்களிற் பலர் கொள்ளையில் இறங்கியதால் காவல் தளர்ந்தது. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் விரைந்து வந்த கில்லெஸ்பி, பீரங்கியால் வாயிலைத் தகர்த்து உட்புகுந்தார். நண்பகலுக்குள் யாவும் முடிந்தது. பிடிபட்ட சிப்பாய்கள் பலர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். உயிரிழந்த சிப்பாய்கள் பல நூற்றுவர்.

பின்னர் அவ்வாணைகள் கைவிடப்பட்டன. கிரடாக்கும் ஆளுநர் பென்டிங்கும் 1807-இல் திருப்பி அழைக்கப்பட்டனர். திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

அன்பர்களே, நம் கழுத்திலுள்ள சிலுவையைக் கழற்றி எறியுமாறு ஒருவர் ஆணையிட்டால் நம் உள்ளம் கொதிக்காதா? அன்று திருநீறும் தாடியும் அவர்களுக்கு அவ்வாறே இருந்தன. நம் திருமறையின் பெயர் அவர்கள் செவியில் அச்சுறுத்தலாக ஒலித்தது நமக்கு வேதனையே. அன்பினால் அன்றி ஆணையினால் எவரும் இறைவனிடம் வருவதில்லை.

கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இன்று பொட்டிட்டவரும், தொழுகைக் குல்லா அணிபவரும், செபமாலை வைத்திருப்பவரும் ஒரே இயந்திரத்தருகே உழைக்கின்றனர். அருகில் நிற்பவரின் நெற்றிக்குறியைக் கேலி செய்யாதிருக்க நம் இல்லங்களிலேயே பிள்ளைகளைப் பழக்குவோம். வேலூரில் சிந்திய இரத்தம் நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.