தன்னார்வக் கணிமையில் கிராபிக்ஸ் கார்டு பிழைகள்

தன்னார்வக் கணிமை என்பது, வீடுகளிலும் கல்லூரிகளிலும் வேலையின்றி இருக்கும் கணினிகளின் நேரத்தை இணையம் வழியாக அறிவியல் ஆய்வுகளுக்கு இலவசமாக வழங்கும் முறையாகும். ஒரு பெரும் கணக்கு பல்லாயிரம் சிறு பணி அலகுகளாகப் பிரிக்கப்பட்டு, தன்னார்வலர்களின் கணினிகளுக்கு அனுப்பப்படுகிறது. கணினி அதை முடித்து விடையைத் திருப்பி அனுப்புகிறது. 1999 மே 17 அன்று அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய செட்டி அட் ஹோம் திட்டம் இம்முறையைப் பரவலாக்கியது. புரத மடிப்பை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் 2006 அக்டோபரில் கிராபிக்ஸ் கார்டுகளையும் இப்பணியில் ஈடுபடுத்தியது. 2008 இறுதியில் செட்டி அட் ஹோமும் அதே வழிக்கு வந்தது. கோவிட் பரவிய 2020 மார்ச்சில் ஃபோல்டிங் அட் ஹோமின் மொத்த வேகம் ஒரு எக்ஸாஃப்ளாப்பைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுகளுடையது.

வேகத்தோடு பிழைகளும் வந்தன. கார்டு கண்டறியப்படாமை, பணி அலகு பாதியில் முறிதல், முடிந்த விடை ஏற்கப்படாமை ஆகிய மூன்றும் தன்னார்வலர்கள் அடிக்கடி சந்திப்பவை. இவற்றுக்கான காரணங்களில் பாதி மென்பொருளில் இருக்கும். மீதி வெப்பம், மின்சாரம், காற்று ஆகியவற்றில் இருக்கும். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற வடசென்னைக் கடலோரப் பகுதிகளில் இந்த இரண்டாம் வகை கூடுதல் கவனம் பெற வேண்டியது.

விளையாட்டில் ஓடும், கணக்கில் முறியும்

"கேம் நன்றாக ஓடுகிறது, கார்டில் கோளாறு இல்லை" என்பது இத்துறையில் அடிக்கடி கேட்கும் வாதம். அது சரியான சோதனை அன்று. விளையாட்டில் ஒரு படப்புள்ளியின் நிறம் பிசகினால் அடுத்த சட்டகத்தில் அது மறைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. அறிவியல் கணக்கில் ஒரு படியின் விடை அடுத்த படிக்கு உள்ளீடாகிறது. ஒரு துணுக்கு மாறினாலும் பிழை வளர்ந்துகொண்டே போகும்.

வீட்டுப் பயன்பாட்டுக்கான கார்டுகளில் பெரும்பாலானவற்றின் நினைவகத்தில், சேவையகக் கார்டுகளில் இருப்பது போன்ற முழுமையான பிழைதிருத்த வசதி கிடையாது. இம்ரான் ஹக், விஜய் பாண்டே ஆகியோர் ஃபோல்டிங் அட் ஹோம் தன்னார்வலர்களின் 20,000-க்கும் மேற்பட்ட கணினிகளில் நினைவகச் சோதனை நடத்தி, 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட கார்டுகளில் மூன்றில் இரு பங்கு ஏதோ ஓர் அளவில் நினைவகப் பிழை காட்டியதாகத் தெரிவித்தனர். அவை ஓடிக்கொண்டிருந்த கார்டுகள். உரிமையாளர்களில் பலருக்குத் தம் கார்டில் குறை இருப்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆகவே, முறிந்து நிற்கும் பணி அலகைவிட, முறியாமல் தவறான விடையோடு முடியும் அலகே ஆபத்தானது. முறிந்ததைச் சேவையகம் வேறொருவருக்கு அனுப்பிவிடும். தவறான விடையைப் பிடிக்கத் தனி ஏற்பாடு தேவை. பாயிங்க் மென்பொருளில் இயங்கும் பல திட்டங்கள் ஒரே அலகை இருவருக்கு அனுப்பி ஒப்பிடுகின்றன. விடைகள் பொருந்தாவிட்டால் மூன்றாமவருக்கு அனுப்புகின்றன. ஃபோல்டிங் அட் ஹோமில் ஓர் அலகு அதற்கு முந்தைய அலகின் தொடர்ச்சி. அங்கே மென்பொருளே ஓட்டத்தின் நடுவில் ஆற்றல் மதிப்புகளைச் சரிபார்த்துக்கொள்கிறது. மதிப்பு "எண் அல்ல" என்ற நிலைக்குப் போனால் கடைசியாகச் சேமித்த இடத்துக்குத் திரும்பி மீண்டும் முயல்கிறது. அதுவும் தோற்றால் "பேட் வொர்க் யூனிட்" என்று, 114 என்ற எண்ணுடன், பதிவேட்டில் எழுதிவிட்டு நிறுத்துகிறது.

முதலில் பதிவேடு

பிழை கண்டவுடன் கார்டைக் கழற்றுவதும் இயக்கியை மாற்றுவதும் வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பாயிங்க் திட்டங்களின் தளத்தில் அதே பணி அலகைப் பெற்ற மற்றவரின் நிலையைப் பார்க்கலாம். அவருக்கும் அது முறிந்திருந்தால் குறை அலகில் இருக்கிறது, கார்டு நிரபராதி. மற்றவர்கள் எல்லோருக்கும் முடிந்து தமக்கு மட்டும் முறிந்திருந்தால்தான் தம் கணினியைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, முறிந்த நேரம். தொடங்கிய சில நொடிகளில் எல்லா அலகுகளும் முறிகின்றன என்றால் பெரும்பாலும் இயக்கியே காரணம். அரைமணி, ஒருமணி ஓடியபின் முறிந்தால் வெப்பத்தையோ மின்னூட்டத்தையோ பார்க்க வேண்டும். ஒழுங்கே இல்லாமல் எப்போதாவது முறிந்தால் நினைவகமும் மிகைவேக அமைப்பும் சந்தேகத்துக்குரியவை. 197 என்ற முடிவெண் நேர வரம்பு மீறப்பட்டதைக் குறிக்கிறது. கார்டு வெப்பத்தால் தன் வேகத்தைப் பெருமளவு குறைத்துக்கொண்ட கணினிகளிலும் இது வரக்கூடும்.

விண்டோஸில், கார்டு 2 நொடிக்குள் பதிலளிக்காவிட்டால் இயங்குதளம் இயக்கியை மீட்டமைத்துவிடுகிறது. "டிஸ்பிளே டிரைவர் பதிலளிப்பதை நிறுத்தி மீண்டது" என்ற பொருள்படும் அறிவிப்பு 4101 என்ற எண்ணுடன் நிகழ்வுப் பதிவில் இருக்கும். லினக்ஸில் என்விடியா கார்டுகள் "எக்ஸ்ஐடி" எண்களைப் பதிகின்றன. அவற்றுள் 79 என்பது கார்டு பஸ்ஸிலிருந்தே விழுந்துவிட்டது, அதாவது தாய்ப்பலகையால் அதைக் காண முடியவில்லை, என்று பொருள்படும். மின்னிணைப்பு, செருகுமிடம், மின்வழங்கி, மிகை வெப்பம் என்ற வரிசையில் அதைத் தேடலாம். 13, 31 ஆகிய எண்கள் வந்தால் மென்பொருளையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

இயக்கிச் சிக்கல்கள்

"பயன்படுத்தத்தக்க ஜிபியு இல்லை" என்று பாயிங்க் சொன்னால் கார்டு பழுது என்று பொருளல்ல. விண்டோஸ் தானாக நிறுவிய இயக்கியில் ஓபன்சிஎல் பகுதி இல்லாமல் போவது உண்டு. கார்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முழு இயக்கியை நிறுவினால் தீரும். பாயிங்க்கைப் பின்புலச் சேவையாக நிறுவியிருந்தால் விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிந்தைய பதிப்புகளில் அது கிராபிக்ஸ் கார்டை அணுக முடியாது. நிறுவும்போது அந்தத் தேர்வை நீக்க வேண்டும். லினக்ஸில் நூவோ என்ற திறந்தமூல இயக்கி திரையைக் காட்டும், கூடா கணக்கைச் செய்யாது. மேலும், அங்கே பாயிங்க் தனிப் பயனராக இயங்குவதால் அப்பயனரை வீடியோ, ரெண்டர் குழுக்களில் சேர்க்க வேண்டியிருக்கும். இயக்கி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வேளையில் ஓடிக்கொண்டிருந்த அலகுகள் முறிவது இயல்பு. அதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை.

உப்பும் சாம்பலும்

வன்பொருள் பக்கம் வந்தால் ஊரின் காற்றைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளப்பட்ட காலத்தில் இராயபுரம் வீடுகளில் கரித்தூள் படிவது தீராத புகாராக இருந்தது. உயர்நீதிமன்ற உத்தரவையடுத்து 2011-இல் அந்தச் சரக்கு எண்ணூர் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டது. புகாரும் வடக்கே நகர்ந்தது. எண்ணூரைச் சுற்றி வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களும், அவற்றின் சாம்பல் குளங்களும், மணலியின் சுத்திகரிப்பு, உரத் தொழிற்சாலைகளும் உள்ளன. இவற்றோடு வங்கக்கடலின் உப்புக்காற்று.

சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே நனையும். சென்னையில் ஆண்டின் பல மாதங்கள் பின்னிரவிலும் விடியலிலும் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கார்டின் மீது படிந்த உப்புத் தூசு அந்நேரத்தில் மின்கடத்தும் மெல்லிய படலமாகிறது. நெருங்கிய இணைப்புகளுக்கிடையே சிறு கசிவும், நாளடைவில் அரிப்பும் ஏற்படுகின்றன. கந்தகச் சேர்மங்கள் உள்ள காற்றில் செம்பும் வெள்ளியும் கறுக்கின்றன. தரவு மையங்களில் செம்பு, வெள்ளித் தகடுகளை ஒரு மாதம் தொங்கவிட்டு இதை அளப்பார்கள். ஐஎஸ்ஏ 71.04 தரப்படி மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவாகச் செம்பு அரிக்கப்படும் இடமே மின்னணுக் கருவிகளுக்கு மென்மையான சூழல்.

இதிலிருந்து சற்று எதிர்பாராத முடிவு ஒன்று கிடைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கார்டு சுற்றுக்காற்றைவிடச் சூடாக இருப்பதால் அதன் மேற்பரப்பில் உப்பு நனைவதில்லை. அரிப்பு நடப்பது பெரும்பாலும் கணினி அணைந்து குளிர்ந்திருக்கும் வேளையில். பகலில் முழுவேகத்தில் ஓட்டி இரவில் அணைப்பதைவிட, குறைந்த மின்வரம்பில் தொடர்ந்து ஓட்டுவது கார்டுக்கு நல்லது. சூடேறிக் குளிரும் சுழற்சி குறைவதால் பற்றாசு இணைப்புகளும் அதிக காலம் தாங்கும். காலையில் கணினியை இயக்கியதும் முதல் அலகு மட்டும் முறிந்து, பிறகு வருபவை சரியாக ஓடினால், ஈரப் படலத்தைச் சந்தேகிக்கலாம். ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த கணினிமேல், ஏசியை அணைத்துச் சன்னலைத் திறந்தவுடன் கடற்காற்று படுவதும் இதே விளைவைத் தரும். கோடையில் பனித்துளியே படியலாம்.

சாம்பல் வேறு விதமாகக் கெடுக்கிறது. நுண்ணிய கண்ணாடி உருண்டைகள் போன்ற அதன் துகள்கள் விசிறியின் தாங்குருளையைத் தேய்க்கின்றன. உப்பின் ஈரத்தோடு சேர்ந்து வெப்பத் தகடுகளின் இடுக்கில் அடையாக இறுகுகின்றன. வெளிமாநில வழிகாட்டிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசு தட்டச் சொல்லும். கடற்கரைச் சாலையை ஒட்டிய வீட்டில் மாதம் ஒருமுறை பார்ப்பதே பொருத்தம். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; கட்டுப்பாடின்றிச் சுழல்வது அதைக் கெடுக்கும். ஈரத்துணி கூடவே கூடாது. தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது கடைகளில் சாதாரணமாக நடக்கிறது. உடனே பலன் தரும். மெல்லிய தங்கப் பூச்சையும் கொஞ்சம் எடுத்துவிடும், பிறகு உப்புக்கு வழி திறந்துவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பஞ்சில்லாத துணியும் போதும்.

மின்சாரம்

தாய்ப்பலகைச் செருகி 75 வாட் வரை தரும். 6 முள் இணைப்பு 75 வாட், 8 முள் இணைப்பு 150 வாட். பழைய மின்வழங்கியில் மாற்று இணைப்பான் போட்டுப் பெரிய கார்டை ஓட்டினால், விளையாட்டில் தாங்கும் இணைப்பு இருபத்துநான்கு மணி நேரக் கணக்கில் சூடாகி நிறம் மாறும். பிளாஸ்டிக் கருகிய மணம் வந்தால் அன்றே நிறுத்த வேண்டும். இது பணி அலகைப் பற்றிய கவலையல்ல, வீட்டைப் பற்றியது. பழைய வீடுகளில் மூன்று முள் பிளக்பாயின்ட் இருந்தும் எர்த் இணைப்பு இல்லாமலிருப்பது உண்டு. எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும்.

மின்வெட்டின்போது இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் கணினி அணைந்துபோவது இன்னொரு புதிர். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டர்களும் யுபிஎஸ்களும் இன்றைய மின்வழங்கிகள் சிலவற்றோடு ஒத்துப்போவதில்லை, அதிலும் கார்டு முழுச் சுமையில் இருக்கும்போது. சைன் அலை தருபவை பெரும்பாலும் இச்சிக்கலைத் தருவதில்லை. மின்கலத்தில் ஓடும்போது கணக்கை நிறுத்திவைக்கும் அமைப்பு பாயிங்க்கில் உண்டு. ஆனால் அது மடிக்கணினிக்கும், கணினியோடு தரவுக் கம்பி இணைந்த யுபிஎஸ்ஸுக்கும்தான் உதவும். வீட்டு இன்வெர்ட்டர் மின்சாரத்துக்கு மாறியது கணினிக்குத் தெரியாது.

கட்டணமும் சேர்த்தே எண்ண வேண்டியது. 150 வாட் எடுக்கும் கார்டு இடைவிடாமல் ஓடினால் நாளுக்கு 3.6 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 216 யூனிட். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கட்டணப் படிநிலையே மாறிவிடுகிறது. மின்வரம்பை 70 விழுக்காட்டுக்குக் குறைத்தால் கணக்கின் வேகம் அதே அளவுக்குக் குறைவதில்லை. வெப்பம் இறங்குகிறது, பிழை குறைகிறது, பில்லும் இறங்குகிறது. சென்னை மே மாதத்தில் இதைவிடப் பயனுள்ள ஒற்றைத் திருத்தம் வேறில்லை.

பழைய கார்டுகள்

2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் தன் முறையை மாற்றியதும் கிராபிக்ஸ் கார்டால் அதைத் தோண்டும் தொழில் முடிந்தது. அக்கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பழைய கார்டு வாங்கும் மாணவர்கள், படம் வருகிறதா என்பதோடு நில்லாமல் நினைவகச் சோதனையையும் ஒரு மணி நேர முழுச் சுமையையும் கேட்டுப் பெறுவது நல்லது. ஹீட்கன்னால் சூடாக்கிச் சிப்பை "எழுப்பிய" கார்டு சில வாரம் ஓடும், கணக்குக்கு உதவாது.

சோதிக்கும் வரிசையும் முக்கியம். ஆலையிலேயே மிகைவேகம் அமைக்கப்பட்ட கார்டுகள் பல. முதலில் மைய வேகத்தையும் நினைவக வேகத்தையும் தயாரிப்பாளரின் அடிப்படை அளவுக்கு இறக்கி, ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிழை நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. நிற்காவிட்டால் சுத்தம் செய்து வேறு செருகியில் பொருத்தலாம், பிறகு வேறு மின்வழங்கி, கடைசியாக வேறு கணினி. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமல் போகும். இத்தனைக்கும் பிறகு விடைகள் ஏற்கப்படாமல் திரும்பிக்கொண்டே இருந்தால், அந்தக் கார்டைத் திட்டத்திலிருந்து விலக்கி விளையாட்டுக்கும் படம் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம். மையச் செயலியை மட்டும் பயன்படுத்தும் பணி அலகுகளைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு பெரும்பாலான திட்டங்களின் கணக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.