பேர் ஒருவருக்கு, பணம் இன்னொருவருக்கு

தன் பேரில் ஒரு கடன் இருப்பதே பலருக்கும் புதுக் கடன் கேட்டுப் போகும்போதுதான் தெரியவருகிறது. தேனி மாவட்டத்தில் மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு பக்கத்தில் தென்னந்தோப்பையோ இலவந்தோப்பையோ நம்பிப் பிழைக்கும் ஒரு பெண் பயிர்க்கடனுக்காக வங்கிப் படி ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினியைத் தட்டிப் பார்க்கும் அதிகாரி, "சிபில் அடிபட்டிருக்கும்மா, ஏற்கெனவே ரெண்டு லோன் கட்டாம நிக்குது" என்கிறார். அந்தப் பெண் வாங்கவே இல்லாத கடன் அது. விசாரித்துக்கொண்டே போனால் விஷயம் வெளியூர் மோசடிக்காரனிடம் போய் முடிவதில்லை. ஆதார் ஜெராக்ஸ் எடுத்தது, ஓடிபி வந்த செல்போனைக் கையில் வைத்திருந்தது, எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஓர் ஆள். மகன், தம்பி, கணவன், மருமகன் என்று யாராகவும் இருக்கலாம்.

அந்நியர் செய்யும் ஆள்மாறாட்டத்துக்கு ஒரு வசதி உண்டு: கூச்சல் போடலாம். 2022 ஏப்ரலில் இந்தி நடிகர் ராஜ்குமார் ராவ், தன் பான் எண்ணைப் பயன்படுத்தி யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கித் தன் சிபில் மதிப்பெண்ணைக் கெடுத்துவிட்டதாக ட்விட்டரிலேயே புகார் சொன்னார். வீட்டு ஆள் செய்த மோசடியில் அந்தக் கூச்சல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. 'வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்', 'அவன் வாழ்க்கை என்னாகுறது' என்று பேசிப் பேசியே மாதங்கள் ஓடுகின்றன. அப்படி ஓடுகிற ஒவ்வொரு மாதத்துக்கும் சட்டத்தில் ஒரு விலை இருக்கிறது.

அந்த விலையைக் காட்டும் பழைய வழக்கு ஒன்று உண்டு. கிரீன்வுட் எதிர் மார்ட்டின்ஸ் வங்கி என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது. பிரிட்டனில் ஒருவருடைய கையெழுத்தை அவர் மனைவியே போட்டு, அவர் கணக்கிலிருந்து காசோலைகளை மாற்றிவந்தார். 1929-ல் கணவருக்கு விஷயம் தெரிந்தது. என் சகோதரியின் வழக்குச் செலவுக்காக எடுத்தேன், வங்கிக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று மனைவி கெஞ்ச, அவரும் எட்டு மாதம் போல வாயே திறக்கவில்லை. பிறகு அந்தச் சகோதரி கதையும் பொய் என்று தெரிந்து, வங்கிக்குப் போகிறேன் என்று அவர் கிளம்பியபோது மனைவி தற்கொலை செய்துகொண்டார். வங்கி மீது அவர் போட்ட வழக்கு பிரபுக்கள் அவை வரை போய்த் தோற்றது. கையெழுத்து கள்ளக் கையெழுத்துதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தெரிந்தபின்னும் சொல்லாமல் இருந்ததுதான் அவரைத் தோற்கடித்தது.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். 1987-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கனரா வங்கி எதிர் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில், நிறுவனத்தின் கணக்காளரே 42 காசோலைகளில் கள்ளக் கையெழுத்துப் போட்டிருந்தார். பாஸ்புத்தகத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாமே என்று வங்கி வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. தெரியாமல் இருந்தது குற்றமில்லை, கள்ளக் கையெழுத்துக்குப் பணம் கொடுத்தால் நட்டம் வங்கியுடையது என்றது. ஆக, இந்த விவகாரத்தில் மிக முக்கியமான தேதி கடன் வாங்கிய தேதி அல்ல. விஷயம் தெரிந்த தேதியும், அதற்குப் பிறகு எத்தனை நாளில் எழுத்தில் சொன்னார் என்பதும்தான்.

ஆனால் 'என் பேரில் எடுத்துவிட்டான்' என்று சொல்லப்படுவதெல்லாம் ஒரே ரகம் இல்லை. கையெழுத்தையோ கைநாட்டையோ வேறொருவர் போட்டிருந்தால், அல்லது செல்போனை எடுத்து ஓடிபியைத் தானே பதிந்திருந்தால், பேருக்குரியவரின் சம்மதமே அங்கே இல்லை. சம்மதம் இல்லாத இடத்தில் ஒப்பந்தமும் இல்லை. இரண்டாவது ரகம், 'பென்ஷனுக்கு மனு போடணும்மா, இங்க ஒரு கையெழுத்து' என்று பொய் சொல்லி வாங்கியது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், மோசடியால் பெற்ற சம்மதத்தை ரத்து செய்யலாம் என்கிறது. ஆனால் பொய் சொன்னது மகன், கடன் கொடுத்தது நிறுவனம் என்னும்போது, நிறுவனம் தன் பங்குக்குக் கையை விரிக்கும். கையெழுத்துப் போட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். கடினமான வழக்கு, ஆனால் தோற்றே தீர வேண்டிய வழக்கும் அல்ல.

மூன்றாவது ரகம்தான் கிராமங்களில் அதிகம். "உன் பேர்ல குரூப் லோன் எடுத்துக் குடுக்கா, மாசாமாசம் நான் கட்டிர்றேன்" என்று தம்பி கேட்க, அக்கா தெரிந்தே எடுத்துக் கொடுப்பது. பிறகு தம்பி கட்டாமல் போனால் அக்காவுக்கு அது துரோகம். சட்டத்துக்கோ அது அக்காவின் கடன். ஜாமீன் கையெழுத்தும் இதே கதைதான். ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம். இங்கே வங்கியோடு சண்டை போட்டுப் பலனில்லை. பணத்தைத் தம்பியிடமிருந்து வசூலிக்கும் உரிமை மட்டும்தான் மிச்சம், அதற்கும் பொதுவாக மூன்று வருடக் கெடு. தம்பி கணக்குக்குப் போன ஜிபே பதிவும், 'அடுத்த மாசம் தந்துர்றேன்' என்ற வாட்ஸ்அப் செய்தியும் அன்று சாட்சி ஆகும்.

ஏடிஎம் கார்டின் பின் நம்பரைச் சொல்லிக் கொடுப்பதும் ஏறக்குறைய இந்த மூன்றாவது ரகத்தில்தான் போய் விழுகிறது. பெங்களூரில் பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண், 2013-ல் தன் ஏடிஎம் கார்டையும் பின்னையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். இயந்திரத்திலிருந்து ரசீது வந்தது, பணம் வரவில்லை. வழக்கு நுகர்வோர் மன்றத்துக்குப் போக, 2018-ல் தீர்ப்பு வங்கிக்குச் சாதகமாக வந்தது. பின்னைக் கணவரிடம் சொன்னதே விதிமீறல் என்பதுதான் காரணம். அங்கே கணவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த விதியின் கடுமை விளங்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் மகனிடம் கார்டைக் கொடுப்பதைத் தவிர வேறென்ன செய்வார் என்று எந்த வங்கியும் யோசித்ததாகத் தெரியவில்லை.

முதல் இரண்டு ரகங்களில் சிக்கியவர் செய்ய வேண்டியது, கடன் தகவல் அறிக்கையை எடுப்பது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இந்தியாவில் இதை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் பார்ப்பது நல்லது, ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கலாம்.

அடுத்தது கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்பு. வாயால் சொன்னது நிற்காது. 'இந்தக் கடனை நான் கேட்கவில்லை, கையெழுத்திடவில்லை, பணம் பெறவில்லை' என்று (பொய் சொல்லி வாங்கிய கையெழுத்து என்றால் அதையே) எழுதி, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்ப வேண்டும். அதே கடிதத்தில் விண்ணப்பப் படிவம், அதில் ஒட்டிய புகைப்படம், அடையாள ஆவணங்களின் நகல், ஓடிபி போன செல்போன் எண், பணம் வரவு வைக்கப்பட்ட கணக்கின் விவரம் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நாடி. செயலி வழிக் கடன் என்றால், சில விதிவிலக்குகள் தவிர, பணம் கடன் வாங்குபவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தாய் பேரில் எடுத்த கடன் மகன் கணக்கில் விழுந்திருந்தால், கேள்வி கேட்கப்பட வேண்டியது தாயை அல்ல, நிறுவனத்தை.

கடன் தகவல் நிறுவனத்திடமும் 'இந்தக் கணக்கு என்னுடையதல்ல' என்று தனியே மறுப்புப் பதிய வேண்டும். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. கடன் கொடுத்த நிறுவனம் 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலும், திருப்தியில்லாத பதில் சொன்னாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இவ்வளவும் போலீஸ் வாசலை மிதிக்காமலே செய்யக்கூடியவை. பல குடும்பங்களுக்கு இது தெரியாது. வங்கிக்கு மறுப்பு எழுதினாலே மகன் ஜெயிலுக்குப் போய்விடுவான் என்று பயந்து அதையும் செய்யாமல் விடுகிறார்கள். ஆனால் 'கள்ளக் கையெழுத்து என்றால் எப்ஐஆர் எங்கே' என்று நிறுவனம் கேட்கும் கட்டம் வரலாம். மயிலாடும்பாறை காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் கையில் கிடைக்கும் சிஎஸ்ஆர் ரசீது எப்ஐஆருக்குச் சமமாகாது. வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 319, 336 ஆகிய பிரிவுகள் பேசும்: ஏமாற்று, ஆள்மாறாட்டம், போலி ஆவணம். அதற்கு முந்தையது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஏமாற்று வழக்கை நீதிமன்ற அனுமதியுடன் சமரசம் செய்துகொள்ளலாம். போலி ஆவண வழக்கு அப்படி அல்ல. புகார் கொடுத்தவரே 'பேசித் தீர்த்துக்கொண்டோம்' என்றாலும் காவல் நிலையத்திலோ கீழ் நீதிமன்றத்திலோ முடியாது, ரத்து கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குத்தான் போக வேண்டும். மகனை மிரட்டி வழிக்குக் கொண்டுவர எப்ஐஆர் போடலாம் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவதில் தவறில்லை. அந்தப் பேச்சின் முடிவில் 'இந்த மாசத் தவணையை மட்டும் நீயே கட்டிரு தாயி' என்று சொல்வதில்தான் ஆபத்து. தன்னுடையதல்லாத கடனுக்கு ஒரு தவணை கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டதற்கு அதையே சாட்சியாகக் காட்டுவார்கள். பகுதிப் பணம் கட்டியதற்கு எழுத்துப் பதிவு இருந்தால் வழக்குப் போடும் காலக்கெடுவும் புதிதாக ஓடத் தொடங்கும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மகன் தன் கணக்கிலிருந்து, தன் பேரில் கட்டட்டும்.

கடன் போலவே வீட்டு ஆள் வாங்கிக்கொண்டு போகும் நகை விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. கேரளத்தில் 2003-ல் மணமுடித்த ஒரு பெண்ணின் 89 பவுனைப் பத்திரமாக வைப்பதாகச் சொல்லி வாங்கிக் கணவர் தன் தாயிடம் கொடுத்தார். அது அவர்களுடைய பழைய கடனை அடைக்கப் போய்விட்டது என்பது அந்தப் பெண்ணின் வழக்கு. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சீதனத்தின் மீது கணவருக்கு எந்த உரிமையும் இல்லை என்று சொல்லி 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. இதுபோன்ற பெண்களுக்கு 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் உதவும். பொருளாதார வன்கொடுமையும் அதில் வன்முறைதான். உதவி எண் 181.

வசூலுக்கு வருபவர்கள் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை. கணவர் வாங்கிய கடனுக்கு, கையெழுத்துப் போடாத மனைவி பொறுப்பில்லை. 'அப்பன் கடன் மகன் தலையில்' என்ற பழைய இந்துச் சட்டக் கருத்தை, புதிய கடன்களைப் பொறுத்தவரை, 2005 செப்டம்பரில் வந்த திருத்தம் நீக்கிவிட்டது. தகப்பன் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசின் பொறுப்பு. குழுக்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வரக் கூடாது, உறவினரை மிரட்டக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு அரசும் 2025-ல் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

இதெல்லாம் நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்றும் இல்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ஆக்ஸ்டன் பெட்ஸ் ஹாமில்டன் 19 வயதில் தன் கடன் அறிக்கையை முதன்முதலாக எடுத்தபோது அது 10 பக்கம் இருந்தது. அவருடைய 11 வயதில் தொடங்கிய அடையாளத் திருட்டு அது. அடையாளத் திருட்டையே ஆராய்ச்சித் துறையாக எடுத்துக்கொண்டு பேராசிரியரும் ஆனார். செய்தது தன் தாய்தான் என்பது 2013-ல் தாய் இறந்த பிறகு, தகப்பன் கண்டெடுத்த பழைய காகிதங்களிலிருந்துதான் தெரிந்தது. துறை வல்லுநருக்கே கடைசி வரை வீட்டுக்குள் சந்தேகம் போகவில்லை.

தேனி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு லட்சுமிபுரம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு அழைத்தும் கேட்கலாம். போகும்போது கடன் அறிக்கை, மறுப்புக் கடிதத்தின் நகல், தபால் ஒப்புகை, வங்கிப் பாஸ்புத்தகம் ஆகியவற்றோடு, பழைய கையெழுத்து இருக்கும் ஒரு பத்திரத்தையோ ஆவணத்தையோ எடுத்துப்போவது நல்லது. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க முதலில் கேட்கப்படுவது அதுதான்.