கல்லும் சட்டமும் – 9: ஜெய்ப்பூர் வளாகத்தில் மனு

சென்ற வாரம் அமெரிக்காவின் அலபாமாவைப் பார்த்தோம். மாநிலத் தலைமை நீதிபதி ராய் மூர், பத்துக் கட்டளைகள் பொறித்த, ஏறக்குறைய 2,400 கிலோ எடையுள்ள கருங்கல்லை 2001 ஜூலையில் ஓர் இரவில் நீதிமன்றக் கட்டடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். வழக்கில் தோற்றார், தீர்ப்புக்குக் கீழ்ப்படிய மறுத்தார். 2003 ஆகஸ்டில் கல்லை அப்புறப்படுத்தினார்கள். நவம்பரில் அவருடைய பதவியும் பறிபோனது. எல்லாம் இரண்டரை ஆண்டுக்குள் முடிந்துவிட்டது.

நம் நாட்டில் இதே போன்ற ஒரு வழக்கு 1989-இல் தொடங்கியது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தின் ஜெய்ப்பூர் வளாகத்தில் அந்த ஆண்டு மனுவுக்குச் சிலை வைத்தார்கள். முன்னின்று வைத்தது மாநில நீதித்துறை அதிகாரிகள் சங்கம். எதிர்ப்பு உடனே கிளம்பியது. உயர் நீதிமன்ற நீதிபதிகள் எல்லாரும் கூடிப் பேசி, சிலையை அகற்றிவிடுவது என்று அதே ஆண்டில் தீர்மானம் போட்டார்கள். பிரச்சினை அதோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் விசுவ இந்து பரிஷத்தின் ஆச்சார்ய தர்மேந்திரா அதே நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, அகற்றுவதற்கு இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். வழக்கு எப்போதாவது விசாரணைக்கு வரும், திரும்பவும் கிடப்புக்குப் போகும். தடை வாங்கியவர் 2022-இல் காலமானார். சிலையை அந்தத் தடை இன்னும் காத்து நிற்கிறது.

சிலையை ஆதரிப்பவர்கள் சொல்வது இது: உலகத்துக்கு முதன்முதலில் சட்டம் வகுத்தவர் மனு, சட்டத்தின் மூதாதையருக்கு நீதிமன்றத்தில் இடம் தருவதில் என்ன தவறு? இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் சுவர்ச் சிற்பத்தில் மோசே இருக்கிறார். ஹம்முராபி, சோலோன், கன்பூசியஸ், நபிகள், நெப்போலியன் எல்லாரும் இருக்கிறார்கள். பல நாடுகளின் சட்ட வரலாறு அங்கே வரிசையாக நிற்கிறது. ஒருவரை மட்டும் அங்கே தனியே உயர்த்தி வைக்கவில்லை. ஜெய்ப்பூரில் மனு தனியே நிற்கிறார். தனியே ஒருவரை நிறுத்தினால் அவர் பெயரால் இங்கே நீதி நடக்கிறது என்றுதான் வாசலுக்கு வருகிறவர் எடுத்துக்கொள்வார்.

அந்த நீதி எப்படிப்பட்டது? மனுஸ்மிருதியின் 12 அத்தியாயங்களில் எட்டாவதுதான் வழக்கு விசாரணை பற்றியது. உயர்ந்த வருணத்தவரைக் கடுஞ்சொல்லால் இழித்துப் பேசும் சூத்திரனுக்கு நாக்கை அறுக்கச் சொல்கிறது. மேலானவரோடு ஒரே இருக்கையில் உட்கார முயன்றால் இடுப்பில் சூடு போட்டு நாடு கடத்தச் சொல்கிறது. மரண தண்டனைக்குரிய குற்றத்தைப் பிராமணன் செய்தால் தலையை மழித்தால் போதும். பெண்ணோ எந்த வயதிலும் தன்னிச்சையாக இருக்கக் கூடாது. ஒரே குற்றத்துக்குச் சாதி பார்த்துத் தண்டனை கூட்டிக் குறைப்பதுதான் இந்த நூலின் அடித்தளம். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிற அரசமைப்பின் 14-ஆவது பிரிவு இதற்கு நேர் எதிராக நிற்கிறது.

(சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் மனுநீதிச் சோழனை இவரோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். கன்றை இழந்த பசு வந்து மணியடித்து நீதி கேட்டதற்காக, தன் மகன் என்றும் பாராமல் தண்டித்தான் என்பதுதான் அவன் கதை.)

மனு சொன்னதெல்லாம் பழங்கதை என்பவர்கள் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் பணிபுரிந்த, குயவர் சமூகத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் அங்கே ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழிவாங்கக் கூட்டு வன்முறைக்கு ஆளாக்கப்பட்டதாக 1992-இல் புகார் கொடுத்தார். 1995-இல் ஜெய்ப்பூர் கீழமை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பாலியல் வன்முறைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தீண்டியிருக்க மாட்டார்கள் என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பில் இருந்ததை நாடே கண்டித்தது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 1997-இன் விசாகா நெறிமுறைகள் அந்தப் போராட்டத்திலிருந்தே பிறந்தன. அவர் வழக்கின் மேல்முறையீடோ ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தது, மனு நிற்கும் அதே உயர் நீதிமன்றத்தில்.

2018 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாதிலிருந்து இரண்டு பெண்கள் ஜெய்ப்பூருக்கு வந்தார்கள். சிலை மீது ஏறிக் கறுப்பு மை பூசினார்கள், கைதானார்கள். சட்டத்தை மீறிய செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தின் வழியில் வந்த கோரிக்கை அதற்குள் 29 ஆண்டுகள் காத்திருந்தது. அதே மகாராஷ்டிரத்தின் மகாடில்தான் 1927 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதியை எரித்தார்கள். எரிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்த சகஸ்ரபுத்தே பிராமணர். இதைச் சாதிச் சண்டை என்று சுருக்குகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

அம்பேத்கருக்கு நீதிமன்றங்களில் இடம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. உச்ச நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர் உடையில் அவர் சிலை திறக்கப்பட்டது 2023 நவம்பர் 26 அன்றுதான். அதே ஆண்டு ஜூலையில் நம் தமிழ்நாட்டில், கீழமை நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் படங்கள் மட்டுமே இருக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கினார்கள். சட்ட அமைச்சர் தலைமை நீதிபதியைச் சந்தித்தார். அதன் பிறகே இருக்கும் அம்பேத்கர் படங்களை எடுக்க வேண்டியதில்லை என்று தெளிவானது. 2025-இல் குவாலியரில் உயர் நீதிமன்ற வளாகத்தில் அவர் சிலையை நிறுவும் முயற்சி, வழக்கறிஞர்கள் இரு அணியாகப் பிரிந்து மோதியதால் நின்றுபோனது.

ஜெய்ப்பூரில் புதிதாக எந்தத் தீர்மானமும் வேண்டியதில்லை. 1989-இல் நீதிபதிகளே எடுத்த முடிவு இருக்கிறது. வழக்கைப் பட்டியலிட்டு, இரு தரப்பையும் கேட்டு, தடையை உறுதி செய்வதோ நீக்குவதோ அந்த நீதிமன்றத்தின் கையில்தான் இருக்கிறது. தடை நீங்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. குறைந்தபட்சம் தீர்ப்பாவது வர வேண்டும்.

(தொடரும்)