கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி: கட்டாயமாக்க வேண்டுமா?

தடுப்பூசி பற்றிப் பேசும்போது பெற்றோர் எங்களிடம் இரு வேறு வினாக்களை எழுப்புகின்றனர். "புற்றுநோயையே தடுக்கும் ஊசி என்றால், அரசு ஏன் சட்டம் இயற்றி எல்லாச் சிறுமியருக்கும் போடக் கூடாது?" என்பது ஒன்று. "பத்து வயதுக் குழந்தைக்கு இந்த ஊசி எதற்கு?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை காண, முதலில் நோயின் தன்மையை அறிதல் வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ முழுவதும் எச்.பி.வி. எனப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸால் உண்டாகிறது. இவ்வுண்மையைக் கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ஹரால்ட் சூர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வைரஸின் பல வகைகளுள் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே இப்புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டிற்குக் காரணமாகின்றன. உடலுறவின் வழியே பரவும் இத்தொற்று பெரும்பாலோரிடம் தானாகவே நீங்கிவிடும். சிலரிடம் மட்டும் பல்லாண்டுகள் நிலைத்துப் புற்றாக மாறும். இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்நோய்க்கு ஆளாகின்றனர்.

ஏற்கெனவே உள்ள தொற்றை நீக்கும் ஆற்றல் தடுப்பூசிக்கு இல்லை. எனவேதான் தொற்றுக்கு வாய்ப்பே இல்லாத 9 முதல் 14 வரையிலான வயது பரிந்துரைக்கப்படுகிறது. அவ்வயதில் உடலின் எதிர்ப்பாற்றலும் சிறப்பாக உருவாகிறது. இதனை மகளின் ஒழுக்கத்தோடு இணைத்து எண்ண வேண்டியதில்லை. கணவர் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் இத்தொற்று வரக்கூடும். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற பெண்களுள் ஒருவரிடம்கூட இப்புற்றுநோய் காணப்படவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது.

அவ்வாறாயின் கட்டாயமாக்குவதில் தவறென்ன? கட்டாயத்தை வேண்டுவோரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. இன்று மறுப்பவர் பெற்றோர். இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதன் விளைவைச் சுமப்பவர் மகள். எனினும் தட்டம்மை போல் இவ்வைரஸ் வகுப்பறைக் காற்றில் பரவுவதில்லை. ஆகவே ஊசி போடாத சிறுமியைப் பள்ளியில் சேர்க்க மறுப்பதற்கு, உடன் பயிலும் பிள்ளைகளின் பாதுகாப்பைக் காரணமாகக் காட்ட இயலாது.

நம் நாட்டின் அனுபவம் ஒன்றையும் நினைவுகூர வேண்டும். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஆயிரக்கணக்கான சிறுமியருக்கு ஓர் ஆய்வுத் திட்டத்தின்கீழ் இவ்வூசி போடப்பட்டது. சிறுமியர் எழுவர் இறந்ததாகச் செய்தி எழவே, 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அவ்விறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக விசாரணையில் தெரியவில்லை. ஆனால் வேறொரு குறை வெளிப்பட்டது: விடுதியில் தங்கிப் பயின்ற சிறுமியர் பலருக்குப் பெற்றோரை அறியாமலேயே விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் கையொப்பம் இட்டிருந்தனர். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் இதனைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசியில் குறை காணப்படாத போதிலும், அதன்மீது மக்களுக்கு ஏற்பட்ட ஐயம் நெடுங்காலம் நீடித்தது.

இதற்கு மாறாக, சிக்கிம் மாநிலம் 2018இல் வேறு வழியை மேற்கொண்டது. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே விளக்கமளித்து, பள்ளிகளிலேயே இலவசமாக ஊசி போட்டது. 9 முதல் 14 வயது வரையிலான சிறுமியருள் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றனர். விளக்கமும் எளிதில் கிடைக்கும் ஏற்பாடும் இருந்தால் பெற்றோர் தாமே முன்வருவர் என்பதற்கு இது சான்று.

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: ஒவ்வொரு சிறுமிக்கும் இவ்வூசி கிடைத்தல் வேண்டும், ஆனால் அது பெற்றோரின் தெளிந்த ஒப்புதலோடு கிடைத்தல் வேண்டும். கடமை என ஒன்றை விதிப்பதாயின், ஊசியைச் சிறுமியரின் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதை அரசுக்கும், ஐயங்களுக்குப் பொறுமையோடு விடையளிப்பதை எம்போன்ற மருத்துவமனைகளுக்கும் விதிக்கலாம்.

பெற்றோர் அறிய வேண்டியவை சில. ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், சிறு காய்ச்சல் ஆகியவை தோன்றி ஓரிரு நாளில் மறையும். சில சிறுமியருக்கு மயக்கம் வரலாம் என்பதால், ஊசிக்குப் பின் 15 நிமிடம் அமர வைக்கிறோம். முன்னர் ஏதேனும் ஊசியாலோ மருந்தாலோ கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். எல்லா வகை வைரஸையும் ஊசி தடுப்பதில்லை. எனவே ஊசி பெற்றவர்களும் 30 வயதுக்குப் பின் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மகளை அழைத்து வரும் தாய்மார் தங்களுக்கும் அப்பரிசோதனை பற்றிக் கேட்டறியலாம். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன் அதை முழுமையாகப் படியுங்கள். புரியாதது எதுவாயினும் எங்களிடம் கேளுங்கள்.